மேய்ச்சல் படிக்கப் போகிறவனுக்கு

சாமி,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது நான் நலமாக இல்லாததால் அந்த வரியை விட்டுவிட்டேன். உடனே பயந்து பஸ் ஏறி வந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி வழக்கம்போல் வலிக்கிறது, சர்க்கரை வழக்கம்போல் ஏறியிருக்கிறது. எனக்கு இருப்பது பயம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு தடவை உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும் "சாப்டீங்களாம்மா" என்கிறாய், நான் "சாப்டியா சாமி" என்கிறேன், இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்று என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறேன். வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கி விழுங்கியே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அதனால்தான் உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் என்றால் பாதியில் "சரி, வைக்கிறேன்" என்று ஓட முடியாது பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ உன் அப்பாவிடம் பேசியதை நானும் கேட்டேன். இருபத்தைந்து வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போட்டுக் காது மந்தமான மனுஷன், ஸ்பீக்கர் போடாமல் அவருக்கு என்றைக்குப் பேசத் தெரிந்தது? நான் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். குஜராத் பக்கம் மேய்ச்சல் நில ஆராய்ச்சிக்கு மாணவர்களை எடுக்கிறார்கள், உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் என் கையிலிருந்த கடலை கீழே போய்விட்டது. உன் அப்பா உடனே, "அட, அதெல்லாம் நான் போர் போட்ட ஊருதான் சாமி. ஊட்லிருந்து ஊறுகாயெல்லாம் தூக்கிட்டுப் போவாத, அங்க தண்ணியே ஊறுகா மாதிரித்தான் இருக்கும்" என்று சிரித்தார். பிறகுதான் நீ அங்கே இருக்கும் இரண்டு வேலைகளைப் பற்றிச் சொன்னாய். ஒன்று காட்டில். நிலத்தைப் பன்னிரண்டு கட்டமாக வேலி போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் மூன்று நாள் மாட்டை மேயவிட்டு, அடுத்ததைத் திறந்து, மேய்ந்ததை மூடி, புல் எப்படித் திரும்ப வருகிறது, எந்தப் புல்லை மாடு முதலில் கடிக்கிறது, எவ்வளவு மிச்சம் விட்டால் நிலம் தாங்கும் என்று எழுத வேண்டும். திறப்பதும் மூடுவதும் அந்த மாணவனின் பொறுப்பு. இன்னொரு வேலை லேபில். மற்றவர்கள் வெட்டி அனுப்பும் புல்லைக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். அவர்கள் உன்னைக் காட்டு வேலைக்குத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நீதான், "எனக்கு லேப் போதுங்கப்பா. படல் தெறந்து மூடற வேலை எனக்கு ஆவாது, உங்களுக்குத் தெரியாதுங்களா. திங்கக்கெழமைக்குள்ள மாத்திக் குடுங்கன்னு எழுதிப் போடப் போறேன்" என்றாய். "இன்னுமாடா அந்த மாட்டுக் கதைய நெனச்சுக்கிட்டு இருக்கற" என்று உன் அப்பா அதட்டினார். நீ "சரிங்கப்பா, வைக்கறேன்" என்று வைத்துவிட்டாய். நான் கடலைத் தொலியைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, அந்த விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் எழுதியதை எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாயே, அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்புக்கு வர ஆசைப்படுகிறாய் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நீ இப்படித் தொடங்கியிருந்தாய்: எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் மேய்ச்சல் காட்டின் வேலி வாசலை அடைக்கும் மூங்கில் படலைச் சரியாகக் கட்டாமல் வந்துவிட்டேன், மாடுகள் வெளியே போய்ச் சோளக் குருத்தைத் தின்று செத்துப்போயின, மாடு எதைத் தின்கிறது, ஏன் தின்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது. உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பண்ணுன தப்ப ஒளிக்காம எழுதியிருக்கறான் பாரு, அதாண்டா படிப்பு" என்றார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் பாலே இல்லை சாமி.

இந்தக் கதையை நீ முதலிலிருந்து கேட்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதை பாதியில் தொடங்குகிறது. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஒரு சாண் நிலத்தைக்கூடச் சும்மா விடமாட்டார்கள், மரவள்ளிக் குச்சியை ஊன்றிவிடுவார்கள். கல்யாணமாகித் திருச்செங்கோட்டுப் பக்கம் இந்தக் காட்டுக்கு வந்தபோது, ஆறு ஏக்கர் நிலத்தைச் சுற்றிலும் கிளுவை வேலி கட்டி, நடுவில் வெள்வேல மரங்களையும் புல்லையும் மட்டும் விட்டுவைத்திருந்ததைப் பார்த்து, இவர்களுக்கு உழ உடம்பு வணங்கவில்லை போலிருக்கிறது என்று என் தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன். கொறங்காடு என்றால் என்னவென்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? மாட்டை உள்ளே விட்டுப் படலைக் கட்டிவிட்டால் பின்னாலேயே போய் மேய்க்க ஆள் வேண்டாம், அது பாட்டுக்கு மேய்ந்துகொள்ளும். ஆனால் முதல் மழை பெய்ததும் மாட்டை வெளியே ஓட்டிவிட வேண்டும், கொழுக்கட்டைப் புல் வளர்ந்து விதை உதிர்க்கிற வரைக்கும் படலைத் திறக்கக் கூடாது. இது என் மாமனாரின், உன் அப்பாருவின் சட்டம். நீ இப்போது வாய் நிறைய ஆராய்ச்சிப் பெயர் வைத்துச் சொல்வதை அவர் படலுக்கு ஒரு முடிச்சுப் போட்டுச் செய்துகொண்டிருந்தார்.

வந்த முதல் வருஷமே ஒரு கன்றின்மேல் இரக்கப்பட்டு, மழை பெய்து மூன்று வாரத்தில் படலைத் திறந்துவிட்டேன். அன்று மாலை, சொந்தக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்க, உன் அப்பாரு குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஆத்தூர்க்காரிக்குப் புல்லப் பத்தி என்ன தெரியும்? ஏனம்மிணி, இன்னொருக்கா அந்தப் படல்ல கை வெச்சீன்னா, உங்கப்பன் ஊட்டுக்கே பொறப்பட்ரோணும்." அவர் கெட்ட மனுஷர் இல்லை. உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையும் கையுமாக ஏழு நாள் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். ஆனால் சொன்னால் சொன்னதுதான். உன் அப்பாவோ மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டியோடு இருந்தார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். என் அப்பன் வீட்டில் எனக்குக் கீழே இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். நான் திரும்பிப் போய் நின்றால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து பத்து வருஷம் அந்தப் படலைப் பார்த்தாலே என் கை பின்னால் போய்விடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு மூங்கில் படல்.

அதனால்தான் படல் வேலை சின்னப் பிள்ளையான உன்னிடம் வந்தது. காலையில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் படலைக் கட்டிவிட்டு வருவது உன் வேலை. அந்த முடிச்சை உனக்கு உன் அப்பா ஒரு தீபாவளி விடுமுறையில் சொல்லிக் கொடுத்தார். ரிக்கில் குழாய்களைச் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும், அவிழ்க்கிற பக்குவம் தெரிந்தவர்கள் கைக்குத்தான் அவிழும். கயிறும் ரிக்கிலிருந்து வந்த நீல நைலான் கயிறு. நீ கட்டில் காலில், தண்ணீர்க் குடத்தில், ஒரு நாள் என் பின்னலில்கூட அதைப் போட்டுப் பார்த்தாய். என் பின்னலை அவிழ்க்க முடியாமல் நான் திட்டியது உனக்கு நினைவிருக்கும். "அப்பா போட்டா அவுக்கலாமாம்மா, நான் போட்டா அவுக்கவே முடியாதாம்மா" என்று மார்தட்டினாய்.

உனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கொறங்காட்டில் புல் காய்ந்து மண்ணோடு ஒட்டிக்கிடந்தது. எங்கள் போரிலும் தண்ணீர் இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற ரிக் வண்டிக்காரன் வீட்டுப் போர் வறண்டு கிடக்கிறது என்று கேலி பேசாதவர்கள் இல்லை. படலுக்கு வெளியே நம் சோளக்காடு. தட்டு அறுத்து முடித்த தூர்களில், நடுவில் பெய்த ஒரு தூறலுக்கு மறுதாம்பு துளிர்த்து முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. பிறகு வெயில் பிடித்துக்கொண்டதும் அந்தக் குருத்தெல்லாம் நின்ற இடத்திலேயே தலை தொங்கிப்போனது. வேலிக்கு இந்தப் பக்கம் நான்கு மாடுகள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கறவை, ஒரு கிழட்டுப் பசு, நீ செம்பி என்று பெயர் வைத்த சினைக் கிடாரி. செம்பியின் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நீ தண்ணீர் காட்டிவிட்டு வந்து, பழைய சோறு தின்றுவிட்டு, கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். அப்பாரு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் நான் வரப்போரம் அறுகம்புல்லாவது கிடைக்குமா என்று அரிவாளும் கூடையுமாகப் போனேன். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. செம்பி வேலிக்குள் கழுத்தை நுழைத்து, கிளுவை முள் கிழித்ததையும் பொருட்படுத்தாமல் சோளக் குருத்துக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மறுதாம்புச் சோளம் மாட்டுக்கு ஆகாது என்று அப்பாரு சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் எங்கள் பக்கம் மரவள்ளித் தழையும் அப்படித்தான். பச்சையாகத் தின்றால் ஆடு செத்துவிடும். அதையே ஒடித்துப்போட்டு ஒரு நாள் வெயிலில் வாட்டினால் விஷம் இறங்கிவிடும். பாவாடை கட்டின காலத்திலிருந்து என் கையாலேயே வாட்டிப் போட்டிருக்கிறேன், ஒரு ஆடு செத்ததில்லை. இந்தக் குருத்தும் வாடித்தானே தொங்குகிறது, விஷம் இறங்கியிருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். அரை மணி நேரம் மேயவிட்டு, அப்பாரு வருவதற்குள் உள்ளே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துக் காட்டில் ஆள் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடியும் ஆத்தூர்க்காரி என்ற பேச்சு வருமே என்று கேட்கவில்லை.

நான்தான் படலைத் திறந்தேன். எழுதிவிட்டேன். எழுதிய பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். உன் அப்பா கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து "என்ன, வேர்த்துப் போயிருக்கற" என்றார். வெயில் என்றேன்.

வெட்டிப்போட்டு வாட்டுவது வேறு, தண்ணீர் இல்லாமல் நின்றபடியே வாடுவது வேறு. நிற்கிற சோளம் வாட வாட அதில் விஷம் கூடும் என்று நீயே இரண்டாம் வருஷம் படிக்கும்போது என்னிடம் விளக்கினாய், நானும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினேன். அன்றைக்கு அது அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. முதலில் செம்பிக்கு வாயில் நுரை வந்தது, கால் நடுங்கியது, என்னைப் பார்த்தபடியே முன்னங்காலை மடித்து விழுந்தது. பிறகு கறவை இரண்டும். கிழட்டுப் பசு மெதுவாக நடந்து கடைசியாக வந்ததால் இரண்டு வாய்தான் தின்றிருந்தது, அது மட்டும் பிழைத்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு மூங்கில் குழாயோடு ஓடிவந்தார். ஒருவர் டாக்டரைக் கூட்டிவர வண்டியை எடுத்தார். டாக்டர் வந்தபோது அவருக்கு வேலை இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள், அன்றைக்கு நான் உண்மையிலேயே செம்பியின் வாலைப் பிடித்துக்கொண்டு தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாரு வந்தார். மாடுகளைப் பார்த்தார், திறந்து கிடந்த படலைப் பார்த்தார். அழவில்லை, அதட்டவில்லை. "படல ஆரு தெறந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டு ஓடிவந்த உன்மேல் அவர் கண் விழுந்தது. "காலைல தண்ணி காட்டுனது நீதான சாமி?" என்றார். நீ மட்டையைக் கீழே போடாமலே, "நான் கட்டிட்டுத்தான் வந்தனுங்க அப்பாரு. ரிக் முடிச்சு போட்டுத்தான் வந்தனுங்க" என்றாய். எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். எனக்கு அப்போது தெரிந்தது எல்லாம் என் தகப்பன் வீட்டு வாசலும் அங்கே பெட்டியோடு நிற்கிற நானும்தான். சின்னப் பிள்ளையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். நான் சொன்ன வார்த்தை இதுதான், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். "சின்னப் பையன் மாமா. சரியா கட்டியிருக்க மாட்டான்."

உன்னை யாரும் அடிக்கவில்லை. அதுவும் எனக்கு ஒரு சாக்காகப் போய்விட்டது, அடி விழவில்லையே, அப்புறம் என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மறுநாள் நீ வேலியோரம் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாய். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "கயிறும்மா. முடிச்சு இருக்குதான்னு பாக்கறேன்" என்றாய். கிடைக்காது விடு என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அன்று கட்டினேன் கட்டினேன் என்று அடித்துச் சொன்னாய். மூன்றாம் நாள் உன் சித்தப்பா கேட்டபோது, "கட்டுனேன்னுதான் நெனச்சேன்" என்றாய். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம், "நான் மறந்துட்டேன்டா" என்று நீ சொன்னதை என் காதால் கேட்டேன். ஒரு குழந்தையின் ஞாபகத்தை நான் கண்ணெதிரே மாற்றிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் மறைத்ததோடு நிற்காமல் அதை உனக்கே ஊட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தப் பழக்கம் வந்தது. எதைப் பூட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாய். பஸ் வந்து நின்ற பிறகும் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று வீட்டுக்குத் திரும்பி ஓடிவருவாய். பத்தாம் வகுப்புத் தேர்வு அன்றைக்கு அப்படித்தான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாய். ஹாஸ்டல் அறையில் உன் கூட இருக்கிற பையன் "ஆன்ட்டி, இவன் பூட்ட இழுத்து இழுத்தே ரெண்டு பூட்டு போயிருச்சு" என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

ஒரு தடவை இல்லை, சொல்வதற்கு எனக்கு எத்தனையோ வாய்ப்பு வந்தது. உன் அப்பாரு படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் உன்னைக் கூப்பிட்டார். நீ அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "போனது போச்சு சாமி. வாயில்லாச் சீவன். நீ மனசுல வெச்சுக்காத" என்று மன்னித்தார். நீ குலுங்கிக் குலுங்கி அழுதாய். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கி அழுதாய். கஞ்சி டம்ளரோடு நான் ஒரு எட்டுத் தூரத்தில் நின்றேன். அப்போது அவர் என்னை எங்கே துரத்தியிருக்கப் போகிறார்? எழுந்து உட்காரவே தெம்பில்லாத மனுஷர். என் தகப்பனாரும் போய்விட்டார், தங்கைகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். பயப்பட ஒரு காரணமும் மிச்சமில்லை, பயம் மட்டும் மிச்சமிருந்தது. அப்போது நான் பயந்தது உனக்கு.

இன்றைக்கும் உனக்குத்தான் பயப்படுகிறேன். இதைப் படித்துவிட்டு மாட்டுப் பொங்கலுக்கு நீ வராமல் போய்விடுவாயோ என்று பயம். வந்து, முன்போலவே "சாப்டீங்களாம்மா" என்று கேட்டு, அதில் முன்பிருந்த ஒன்று இல்லாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயம். அந்த மாடுகளுக்காகத்தான் நீ இந்தப் படிப்புக்கே வந்தாய். அது உன் தப்பே இல்லை என்று தெரிந்தால் படிப்பின்மேல் இருக்கிற பிடிப்பும் போய்விடுமோ என்று ஒரு பயம். நீ விண்ணப்பத்தில் எழுதியது இப்போது உண்மை இல்லை என்று ஆகிறதே, உன் ஆசிரியர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவு வருமோ என்றும் பயம். அது உன் பொய் இல்லை, என்னுடையது. அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லிவிடு, என் பெயரைப் போட்டே சொல். இவ்வளவு பயத்துக்கும் மேலே ஒரு பயம் வந்ததால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவாய். ஒரு அறைக்குள் உட்கார்ந்து, யாரோ வெட்டி அனுப்பின காய்ந்த புல்லை எடை பார்ப்பாய். வெளியே உன்னைவிடக் கம்மியாகப் புல் தெரிந்த எவனோ படலைத் திறந்து மூடுவான். அதற்கப்புறம் உன் வாழ்நாள் முழுக்க எந்தப் படல் பக்கமும் போகமாட்டாய். பத்து வருஷம் படலைக் கண்டு பயந்து வாழ்ந்தவள் நான், அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என்னோடு போகட்டும்.

எனக்கு உனக்குப் புத்தி சொல்ல யோக்கியதை இல்லை. இருந்தாலும் அம்மாக்காரி, வாய் சும்மா இருக்காது. போகிற ஊர்ப் புல்லை உன் ஊர்க் கண்ணால் பார்க்காதே. மரவள்ளி தெரிந்த தைரியத்தில் நான் சோளத்தைப் பார்த்தேன். நீ இங்கே கொழுக்கட்டைப் புல் தெரிந்த தைரியத்தில் அங்கே ஒன்றை முடிவு செய்துவிடாதே. அந்த ஊரில் மாட்டின் பின்னால் நடக்கிற ஆட்களிடம் கேள். பாஷை தெரியாவிட்டால் கையைக் காட்டிக் கேள், சிரித்தால் சிரிக்கட்டும். இன்னொன்று, நீயும் ஒரு நாள் தப்புப் பண்ணுவாய். பன்னிரண்டு படல் இருக்கிற இடத்தில் ஒன்று என்றைக்காவது திறந்துகிடக்கத்தான் செய்யும். அன்றைக்கு உன் நோட்டில் அதை அப்படியே எழுதிவிடு. முதல் மணி நேரத்தில் சொன்னால் அது தப்பு, அவ்வளவுதான். நாள் போகப் போக அது என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தத் தாளெல்லாம்.

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. சனிக்கிழமை உன் அப்பா லாரிப் பட்டறையில் ஒரு வேலையாக நீ இருக்கிற நாமக்கல்லுக்கு வருகிறார், அவர் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். வழியில் டீ குடிக்க உட்கார்ந்தால் கட்டாயம் பிரித்துப் படிப்பார், அவருக்கு அந்த வழக்கம் உண்டு. படிக்கட்டும். நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்பதையும் நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ளுங்கள். படித்துவிட்டு அவர் உன் அறை வாசலில் எந்த முகத்தோடு நிற்பார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு, என்ன முடிவாக இருந்தாலும் ஒரு போன் மட்டும் செய்யுங்கள். நான் போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாக ஒன்று. படலைத் திறந்தேன் என்று எழுதினேனே தவிர, எப்படித் திறந்தேன் என்று எழுதவில்லை. உன் முடிச்சை அவிழ்க்கத்தான் முதலில் பார்த்தேன். விரலால் முடியவில்லை, நகம் பிய்ந்துபோனது. பல்லால் கடித்து இழுத்தேன், இன்னும் இறுகியது. கடைசியில் புல்லறுக்கிற அரிவாளால் கயிற்றின் மறுபக்கத்தை அறுத்தேன். மாடுகள் விழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டேன். நீ வேலியோரம் தேடியபோது அது என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. பதினான்கு வருஷமாக அங்கேதான் இருந்தது. நைலான் என்பதால் மக்கவில்லை. தூக்கிப்போட எத்தனையோ தடவை எடுத்தேன், முடியவில்லை. இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நான் அறுத்த இடம் பிசிறு பிசிறாகத் தெரியும். நீ போட்ட முடிச்சு நீ போட்டபடியே இருக்கிறது.

மூன்று தடவை இழுத்துப் பார், சாமி.

அம்மா